19-18: காத்திருப்புக்குக் கட்டம் இல்லாத ஸ்கோர்ஷீட்

கூடைப்பந்து ஸ்கோர்ஷீட்டின் வலது பாதியில் 1 முதல் 160 வரை எண்கள் அச்சாகியிருக்கும். பாஸ்கெட் விழுந்தால் எண்ணின் மேல் ஒரு சாய்கோடு. ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும், 1 புள்ளி மதிப்புள்ள ஃப்ரீ த்ரோ விழுந்தால் ஒரு கரும்புள்ளி. குவார்ட்டர் மாறினால் பேனாவின் நிறமும் மாறும். உள்ளூர்ப் போட்டிகளில் அந்த மேசையில் சில காலம் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: முதல் பத்தியில் 40 எண்கள் இருக்கும், பள்ளிப் பையன்கள் ஆடும்போதுகூட அது சீக்கிரமே தீர்ந்து இரண்டாவது பத்திக்குப் போய்விடுவோம்.

1950 நவம்பர் 22 இரவு அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் நடந்த ஓர் ஆட்டத்தை இன்றைய தாளில் எழுதிப் பார்த்தால், 48 நிமிடம் முழுதாக ஆடி முடித்த பிறகும் இரண்டு அணிகளின் கோடும் முதல் பத்தியின் பாதியைத் தொடவில்லை. ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் 19, மினியாபொலிஸ் லேக்கர்ஸ் 18. ஆடியவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. அது அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் ஆட்டம். தோற்றது நடப்பு சாம்பியன். இரண்டு அணியும் சேர்ந்து எடுத்த 37 புள்ளி இன்றுவரை அந்த லீக்கின் ஆகக் குறைந்த ஸ்கோர். இன்றைக்கு ஒரே குவார்ட்டரில் தனியொருவர் 37 புள்ளி எடுத்த கதையே உண்டு: 2015 ஜனவரியில் கிளே தாம்ஸன் எடுத்தார்.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கோரைச் சொல்லிச் சிரித்துவிட்டு, அடுத்து, பந்து கிடைத்த குறித்த நேரத்துக்குள் கூடையை நோக்கி எறிய வைக்கும் ஷாட் கிளாக் கடிகாரத்தின் கதைக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு அந்தத் தாளின் மேலேயே கண். அதில் என்ன எழுதியிருக்கிறது, எதை எழுத இடமே இல்லாமல் போனது என்று வரிவரியாகப் பார்த்தால், அன்று நடந்தது கொஞ்சம் வேறு மாதிரித் தெரிகிறது.

அன்றைய லேக்கர்ஸ்

முதலில் யார் யாரோடு ஆடினார்கள் என்பது தெரிய வேண்டும். லேக்கர்ஸ் 1949-லும் 1950-லும் பட்டம் வென்ற அணி. (மினசோட்டா ஏரிகள் நிறைந்த மாநிலம், அதனால்தான் அந்தப் பெயர். 1960-ல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தபோது ஏரிகளை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.) சொந்த மைதானத்தில் அந்த அணி தொடர்ந்து 29 ஆட்டங்களில் தோற்றதே இல்லை. பயிற்சியாளர் ஜான் குண்ட்லா. அவரும், அவரிடம் ஆடிய ஜார்ஜ் மைகன், ஜிம் பொல்லார்ட், வெர்ன் மிக்கெல்சன், ஸ்லேட்டர் மார்ட்டின் ஆகிய நால்வரும் பின்னாளில் கூடைப்பந்தின் புகழ்மண்டபத்தில் இடம்பிடித்தவர்கள். அந்த ஐந்து பேர் ஒரே பெஞ்சில் இருந்த அணிதான் அன்று 18 புள்ளியோடு வீட்டுக்குப் போனது.

எல்லாவற்றுக்கும் நடுவில் மைகன். 6 அடி 10 அங்குலம், தடித்த கண்ணாடி, முதுகில் 99. கூடைக்குக் கீழே அந்தக் காலத்தில் கோடு போட்டிருந்த ‘லேன்’ வெறும் 6 அடி அகலம். அதற்குள் 3 வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. ஆனால் 6 அடி என்பது எவ்வளவு? மைகன் படுத்தால் தலையும் காலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு பந்தை வாங்கி, ஒரு திரும்பு திரும்பினால் கூடை கைக்கெட்டும் தூரத்தில். அந்த 1950-51 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 28.4 புள்ளி எடுத்தார். முழு அணிகளின் சராசரியே 84 புள்ளியாக இருந்த காலம் அது. இவர் ஒருவரை வைத்தே அடுத்த சீசனில் லேனை 12 அடியாக அகலப்படுத்தினார்கள்.

எதிரே ஃபோர்ட் வெய்ன். இண்டியானா மாநிலத்தின் தொழில் நகரம். முதலாளி ஃபிரெட் சோல்னர் நிஜமாகவே பிஸ்டன் தயாரிக்கிறவர், அதனால் அணியும் பிஸ்டன்ஸ். ஓர் உயர்நிலைப் பள்ளியின் உள்ளரங்கத்தைத்தான் அப்போது சொந்த மைதானமாக வைத்திருந்தார்கள். பயிற்சியாளர் மர்ரே மெண்டன்ஹால் பள்ளி அணிகளை வளர்த்து மேலே வந்தவர். அந்த சீசன் முடிவில் அவர்கள் கணக்கு 32 வெற்றி, 36 தோல்வி. லேக்கர்ஸ் 44 வெற்றி, 24 தோல்வி. மினியாபொலிஸில் போய் நேருக்கு நேர் ஆடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல ஜோசியம் தேவையில்லை.

ஆகவே மெண்டன்ஹால் ஆடவில்லை. அதாவது, பந்தை வைத்துக்கொண்டு ஆடாமல் இருப்பதையே ஆட்டமாக்கினார்.

நின்ற பந்து

விதியில் அதற்குத் தடை எதுவும் இல்லை. பந்து கைக்கு வந்துவிட்டால் எத்தனை நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். முன்னிலையில் இருக்கும் அணி கடைசி சில நிமிடம் பந்தைக் கொடுக்காமல் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருப்பது அன்று சகஜம். மெண்டன்ஹால் செய்த ஒரே புதுமை, அந்தக் கடைசி நேர உத்தியை முதல் நிமிடத்திலேயே ஆரம்பித்ததுதான்.

பிஸ்டன்ஸ் ஆள் ஒருவர் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை வைத்துக்கொண்டு நிற்பார். நோக்கம், மைகனைக் கூடைக்கடியிலிருந்து வெளியே இழுப்பது. மைகன் வெளியே வந்தால் உள்ளே வழி கிடைக்கும். வராவிட்டால் நேரம் போகும். நேரம் போனால் பிஸ்டன்ஸுக்கு நல்லது. லேக்கர்ஸ் வரவில்லை. தங்கள் கூடைக்கு முன்னால் அவர்கள் பாட்டுக்கு நின்றார்கள். இவர் அங்கே, அவர்கள் இங்கே. வந்திருந்த 7,021 பேர் முதலில் சிரித்தார்கள், பிறகு கத்தினார்கள், பிறகு காலைத் தரையில் உதைத்து ஊளையிட்டார்கள். மறுநாள் அமெரிக்கர்கள் கொண்டாடும் ‘தேங்க்ஸ்கிவிங்’ திருநாள், ஊர் முழுக்க விடுமுறை. விடுமுறைக்கு முந்தின இரவு காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, ஒருவர் பந்தை இடுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வந்தவர்கள்.

இதில் ஒரு விஷயம் வழக்கமாக விடுபட்டுப்போகும். பந்தை வைத்திருந்தது பிஸ்டன்ஸ், சரி. ஆனால் போய்ப் பறிக்காமல் நின்றது லேக்கர்ஸ். இரண்டு கை தட்டினால்தான் ஓசை என்பார்கள். இரண்டு கையும் சும்மா இருந்ததால் வந்த அமைதி இது. முழுப் பழியையும் மெண்டன்ஹால் தலையில் கட்டுவது சரியில்லை என்பது என் எண்ணம். முதல் பாதி முடிந்தபோது லேக்கர்ஸ் முன்னிலையில் இருந்தது. மூன்றாவது குவார்ட்டர் முடிந்தபோதும் அவர்கள்தான் முன்னால். முன்னால் இருப்பவன் எதற்கு வெளியே வந்து சண்டை போட வேண்டும் என்று அவர்கள் நினைத்திருந்தால் அதுவும் நியாயமான கணக்கே.

தாளைப் படிப்போம்

குவார்ட்டர் வாரியாக இப்படி:

பிஸ்டன்ஸ்: 8, 3, 5, 3. மொத்தம் 19.
லேக்கர்ஸ்: 7, 6, 4, 1. மொத்தம் 18.

கடைசிக் குவார்ட்டரை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். 12 நிமிடத்தில் இரு அணியும் சேர்ந்து 4 புள்ளி. மூன்றாவது குவார்ட்டர் முடிவில் லேக்கர்ஸ் 17-16 என்று முன்னிலை. லேக்கர்ஸ் அதன்பின் எடுத்தது 1. மூன்று புள்ளிக் கோடு வர இன்னும் 29 வருடம் இருக்கிறது. பாஸ்கெட் என்றால் 2 தான். ஆக அந்த ஒற்றைப் புள்ளி ஃப்ரீ த்ரோவாகத்தான் இருக்க முடியும். பிஸ்டன்ஸ் எடுத்த 3-ல் 2 வெற்றிக்கான பாஸ்கெட். மிச்சம் ஒன்று ஃப்ரீ த்ரோ. ஆட்டத்தைப் பார்க்காமலே, நாலு எண்ணை வைத்துக்கொண்டு, நாலாவது குவார்ட்டரில் பந்து ஆட்டப்போக்கில் கூடைக்குள் போனது ஒரே ஒரு தடவைதான் என்று சொல்லிவிடலாம். தாள் படிப்பதில் இருக்கிற சுகம் இதுதான்.

அந்த ஒரு தடவை யார் கையால்? லேரி ஃபௌஸ்ட். அந்த வருடம்தான் கல்லூரி முடித்து வந்த புது ஆள், 6 அடி 9 அங்குலம். லேக்கர்ஸ் 18-17 என்று முன்னால் இருக்க, ஆட்டம் முடியக் கடைசிப் பத்து வினாடிக்குள், மைகனின் நீட்டிய கைக்கு மேலாகப் பந்தை அனுப்பினார். 47 நிமிடத்துக்கு மேல் யாரை வெளியே இழுக்கப் பார்த்தார்களோ, கடைசியில் அவர் தலைக்கு மேலேதான் வெற்றி வந்தது.

இனி ஷாட் கணக்கு. பிஸ்டன்ஸ் எடுத்தது 13 ஷாட், விழுந்தது 4. லேக்கர்ஸ் எடுத்தது 18, விழுந்தது அதே 4. சதவீதத்தில் சொன்னால் 30.8, 22.2. அந்த சீசனில் லீக் சராசரி சுமார் 36. ஆக, பொறுமையாக நின்று, நல்ல வாய்ப்பாகப் பார்த்து, பிறகு அடித்த அணி என்று பிஸ்டன்ஸைச் சொல்ல முடியாது. அவர்களும் சராசரிக்குக் கீழேதான் அடித்தார்கள். காத்திருந்தது நல்ல ஷாட்டுக்காக இல்லை. காத்திருப்பதற்காகவே காத்திருந்தார்கள்.

ஏன் அது வேலை செய்தது என்பதை நம்மூர்க்காரர்களுக்கு விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஐந்து நாள் டெஸ்டில் பெரிய அணியைச் சின்ன அணி சாய்ப்பது அரிது. இருபது ஓவரில் அடிக்கடி நடக்கும். வாய்ப்புகள் குறையக் குறைய, திறமைக்கு வேலை குறைந்து அதிர்ஷ்டத்துக்கு இடம் கூடும். 80 ஷாட் அடிக்கும் ஆட்டத்தில் லேக்கர்ஸின் மேன்மை தானாக மேலே மிதந்து வந்துவிடும். 18 ஷாட்டில் அதற்கு நேரமே கிடைக்காது. மெண்டன்ஹால் சுருக்கியது ஸ்கோரை மட்டும் இல்லை, தன் அணிக்கும் சாம்பியனுக்கும் இடையில் இருந்த தூரத்தையும்தான்.

பாஸ்கெட்டுகள் மொத்தம் 8, அவற்றால் வந்தது 16 புள்ளி. மிச்சம் 21-ம் ஃப்ரீ த்ரோ: பிஸ்டன்ஸ் 11, லேக்கர்ஸ் 10. பாதிக்கு மேற்பட்ட புள்ளிகள் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, யாரும் தடுக்காமல், கோட்டில் நின்று எடுத்தவை. பாஸ்கெட்டில் இரு அணியும் சமம். ஆக ஆட்டத்தின் முடிவே ஒரு ஃப்ரீ த்ரோ வித்தியாசம்.

83 சதவீதம் என்ற மயக்கம்

தனிநபர் வரிசைக்கு வருவோம். லேக்கர்ஸின் 18 புள்ளியில் மைகன் மட்டும் 15. பொல்லார்ட் 1, பாப் ஹாரிசன் 2. மற்ற எல்லோருக்கும் முட்டை. நாலு பாஸ்கெட்டும் மைகனுடையவை: 11 ஷாட்டில் 4. மற்ற லேக்கர்ஸ் எல்லோரும் சேர்ந்து எடுத்த 7 ஷாட்டில் ஒன்றுகூட விழவில்லை. 48 நிமிடத்தில் மைகனைத் தவிர அந்த அணியில் ஒருவரும் ஆட்டப்போக்கில் ஒரு பாஸ்கெட் போடவில்லை என்பதை நின்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

15-ஐ 18-ஆல் வகுத்தால் 83.3 சதவீதம். அணியின் மொத்தப் புள்ளியில் ஒருவரின் பங்கு என்று பார்த்தால் இது என்பிஏவின் உச்சம். சாதனைப் பட்டியலில் மைகன் பெயருக்கு எதிரே மின்னும். ஆனால் அதே மைகனின் அந்த சீசன் சராசரி 28.4. அன்று எடுத்தது அதில் ஏறக்குறையப் பாதி. அவரை முடக்க வேண்டும் என்று எதிரணி கிளம்பிய இரவில், பாதியாக முடங்கிய இரவில், அணி தோற்ற இரவில் வாங்கிய சாதனை அது. பங்கு என்பது இரண்டு எண்களின் விகிதம். கீழே இருக்கும் எண் சுருங்கினால் மேலே இருப்பவர் வளர்ந்த மாதிரித் தெரிவார். இதை அறியாமல் ‘தனியாளாகத் தூக்கிச் சுமந்தார்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. சுமந்தது உண்மைதான். ஆனால் மூட்டையில் பெரிதாக ஒன்றும் இல்லை.

எதிர்ப்பக்கம் இன்னும் வேடிக்கை. வென்ற அணியின் அதிகபட்ச ஸ்கோரர் ஜான் ஓல்டம், 5 புள்ளி. ஒரு பாஸ்கெட், மூன்று ஃப்ரீ த்ரோ. என்பிஏவில் ஓர் ஆட்டத்தை வென்ற அணியில் ஐந்து புள்ளி எடுத்து முதலிடம் பிடித்தவர் வேறு யாராக இருக்க முடியும்? (ஓல்டம் பின்னாளில் கல்லூரிப் பயிற்சியாளராகி வெஸ்டர்ன் கென்டக்கியை 1971-ல் தேசிய அரையிறுதிவரை கொண்டுபோனார். அதே பிஸ்டன்ஸ் அணியில் இருந்த ஃபிரெட் ஷவுஸ் 1960-ல் லேக்கர்ஸ் லாஸ் ஏஞ்சலஸ் போனபோது அவர்களுக்கே பயிற்சியாளரானார். உலகம் சின்னது.)

எழுத இடமில்லாத ஒன்று

இதுவரை சொன்ன எல்லாமே தாளில் இருப்பவை. இல்லாததற்கு வருகிறேன்.

அந்தக் காலத் தாளில் என்னென்ன கட்டம் இருந்தது? பாஸ்கெட், ஃப்ரீ த்ரோ, ஃபவுல், அசிஸ்ட், மொத்தப் புள்ளி. குறி தவறித் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ‘ரீபவுண்டை’ லீக் எண்ண ஆரம்பித்ததே இதே 1950-51 சீசனில்தான். யார் எத்தனை நிமிடம் ஆடினார் என்பது அடுத்த வருடம்தான் கணக்கில் வந்தது. பந்தைப் பறித்தால் எழுத ‘ஸ்டீல்’ கட்டம், ஷாட்டைத் தட்டிவிட்டால் எழுத ‘பிளாக்’ கட்டம் இரண்டும் 1973-74 வரை கிடையாது.

அன்றைய ஆட்டத்தின் உயிர்நாடி எது? பந்து யார் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்பது. அதற்குக் கட்டமே இல்லை. கூடையை நோக்கிப் பந்து போனால்தான் பேனா அசையும். பந்து நடுக்கோட்டில் நிற்கும் வரை எழுதுகிறவரும் நிற்க வேண்டியதுதான். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவரை நினைத்துப் பார்க்கிறேன். 31 ஷாட், 2,880 வினாடி. வகுத்தால் ஷாட்டுக்கு 93 வினாடி. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை கை வேலை. நடுவில் ஏதாவது ஃபவுல் விழுந்தால் அது போனஸ்.

கிரிக்கெட்டில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே சும்மா விட்ட பந்துக்கும் ஸ்கோர் புத்தகத்தில் ஒரு புள்ளிக் குறி வைத்தே ஆக வேண்டும். 1975 உலகக் கோப்பையில் லார்ட்ஸில் இங்கிலாந்து 334 அடித்த பிறகு சுனில் கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 36 நாட் அவுட் என்று திரும்பினாரே, அந்த இன்னிங்ஸ் 174 பந்து என்று நமக்கு இன்றும் தெரியும். 36 மட்டும் எழுதி, பந்து எண்ணிக்கை எழுதாத ஒரு புத்தகம் இருந்திருந்தால்? ஏதோ ஓரளவு ஆடினார் என்று நினைத்துக் கடந்துபோயிருப்போம். கபடியில் புள்ளி எடுக்காமல் திரும்பும் ரெய்டுகூட ‘எம்ப்டி ரெய்டு’ என்று கணக்கில் ஏறும். புரோ கபடியில் தொடர்ந்து இரண்டு எம்ப்டி போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அவுட். சும்மா இருப்பதை எண்ணத் தெரிந்தால்தான் அதற்கு விலை வைக்கவும் முடியும். 1950-ன் கூடைப்பந்துக்கு அந்த எண்ணிக்கை தெரியாது.

ஆகவே அந்தத் தாளை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்தால், இரண்டு மோசமான அணிகள் ஒரு மோசமான இரவில் ஆடின என்றுதான் படிப்பார். திட்டம் போட்டு, அதைக் கடைசி வினாடிவரை பிடிவாதமாக நிறைவேற்றி, சாம்பியனை அவர்கள் ஊரிலேயே கவிழ்த்த ஓர் அணியின் கதை அந்தத் தாளில் இல்லை. கவனித்தால், எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற வெறுமையாக மட்டும் இருக்கிறது.

லீக் பதறியது

லீக் தலைவர் மாரிஸ் பொடோலாஃப் வழக்கறிஞர். ஐஸ் ஹாக்கி நிர்வாகத்திலிருந்து வந்தவர். அவருக்கு உத்தி பற்றிய கவலையைவிட டிக்கெட் பற்றிய கவலை அதிகம், அதில் தப்பும் இல்லை. 1949-50-ல் 17 அணிகளோடு தொடங்கிய என்பிஏ அடுத்த சீசனை 11 அணிகளோடு ஆரம்பித்து, நடுவில் வாஷிங்டன் அணி கலைந்து 10 ஆகியிருந்தது. ரசிகன் ஊளையிடும் ஆட்டத்தை விற்க முடியாது. சம்பந்தப்பட்டவர்களைக் கூப்பிட்டுப் பேசினார், இனி இப்படி ஆட மாட்டோம் என்ற அளவில் ஒரு வாய்மொழி ஏற்பாடு ஆயிற்று. விதி மாறவில்லை.

ஆறு வாரம் கழித்து, 1951 ஜனவரி 6-ல், ரோசெஸ்டர் நகரில் ராயல்ஸும் இண்டியானாபொலிஸ் ஒலிம்பியன்ஸும் ஆடிய ஆட்டம் 65-65 என்று சமனாகி ஓவர்டைமுக்குப் போனது. ஓவர்டைம் ஆரம்பத்தில் நடுவர் மேலே எறியும் ஜம்ப் பாலில் பந்தைப் பிடித்த அணி, கடைசி ஷாட் நமக்குத்தான் என்று ஐந்து நிமிடமும் வைத்துக்கொள்ளும். அது தவறினால் அடுத்த ஓவர்டைம். இப்படி ஆறு ஓவர்டைம். அவற்றில் இரண்டில் ஒரு புள்ளிகூட இல்லை. முப்பது நிமிடக் கூடுதல் ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து 18 புள்ளி. முடிவில் ரால்ஃப் பியர்டின் பாஸ்கெட்டில் ஒலிம்பியன்ஸ் 75-73. என்பிஏவின் மிக நீளமான ஆட்டம் என்ற பெயர் அதற்கு இன்னும் இருக்கிறது. வாய்மொழி ஏற்பாடு எந்த மாதிரி நிலைத்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு மூன்று வருடம் ஃபவுல் விதியிலும் ஜம்ப் பால் விதியிலும் கையை வைத்துக் கையை வைத்துப் பார்த்தார்கள். பந்தை வைத்திருப்பவனிடமிருந்து அதைப் பெற ஒரே வழி ஃபவுல் செய்வது என்று ஆனதால், ஆட்டம் ஃப்ரீ த்ரோ வரிசையாக மாறியது. ஆட்டத்துக்கு ஓர் அணியின் சராசரிப் புள்ளி 1950-51-ல் 84.1, 1953-54-ல் 79.5. முன்னேறுவதற்குப் பதில் தேய்ந்துகொண்டிருந்தது.

பௌலிங் கடைக்காரர் போட்ட வகுத்தல்

சிரக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் முதலாளி டேனி பியாசோன் இத்தாலியில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்தவர், பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் ஆட்டத்துக்கான அரங்கம் நடத்தியவர். அவரும் அவருடைய அணி மேலாளர் லியோ ஃபெரிஸும் செய்தது சின்ன வகுத்தல். ரசித்துப் பார்க்கும்படியான ஆட்டங்களில் ஒவ்வொரு அணியும் சுமார் 60 ஷாட் அடிக்கிறது. இரண்டும் சேர்ந்து 120. ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 வினாடி. 2,880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. பந்து கைக்கு வந்த 24 வினாடிக்குள் ஷாட் அடித்தாக வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்தது, அந்த 24 எங்கிருந்தோ பறந்து வந்த எண் இல்லை என்பது. பழைய ஸ்கோர்ஷீட்டுகளைப் படித்து எடுத்த எண். மினியாபொலிஸில் ஷாட்டுக்கு 93 வினாடி என்று நாம் மேலே போட்ட அதே கணக்கைத்தான், நல்ல ஆட்டங்களை வைத்து அவர்கள் போட்டிருக்கிறார்கள். தாளில் இல்லாத கட்டத்தை, தாளில் இருந்த எண்களை வைத்தே கண்டுபிடித்து, காகிதத்தில் எழுதாமல் கூடைக்குப் பக்கத்தில் கடிகாரமாக வைத்துவிட்டார்கள்.

1954 ஆகஸ்டில் சிரக்யூஸில் ஒரு தொழிற்கல்விப் பள்ளியின் அரங்கில் ஒத்திகை நடந்தது. அக்டோபர் 30-ல் முதல் அதிகாரபூர்வ ஆட்டங்களில் ஒன்று: ரோசெஸ்டர் 98, பாஸ்டன் 95. அந்த சீசன் சராசரி ஒரே தாவலில் 93.1. ஒரு குவார்ட்டரில் ஓர் அணி செய்யும் ஃபவுல்களுக்கும் அதே வருடம் வரம்பு வைத்தார்கள்; கடிகாரத்துக்குக் கிடைக்கும் புகழில் கொஞ்சம் அதற்கும் சேர வேண்டும். லீக் உடனே தழைத்துவிடவும் இல்லை. கடிகாரம் வந்த ஒரு மாதத்தில் பால்டிமோர் அணி கலைந்து மொத்தம் எட்டே அணிகள் மிஞ்சின. ஆனால் பிறகு ஒருபோதும் 37 வரவில்லை. கடிகாரம் வந்த பின் இரு அணியும் சேர்ந்து எடுத்த ஆகக் குறைந்த ஸ்கோர் 1955 பிப்ரவரி 27-ல் பாஸ்டன் 62, மில்வாக்கி 57. கூட்டினால் 119.

இன்னும் ஓர் ஒற்றைப் புள்ளி

அந்த முதல் கடிகார சீசனின் இறுதிப் போட்டிக்கு வந்தவர்கள் இருவர். ஒன்று, கடிகாரத்தைக் கொண்டுவந்த பியாசோனின் சிரக்யூஸ். இன்னொன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ். அணிக்கு இப்போது பயிற்சியாளர் சார்லி எக்மன், நேற்றுவரை விசில் ஊதிய நடுவர். லேரி ஃபௌஸ்ட் இன்னும் அணியில் இருந்தார். பிஸ்டன்ஸுக்குச் சொந்த ஊரில் ஆடக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. ஃபோர்ட் வெய்ன் அரங்கத்தை ஒரு பௌலிங் போட்டிக்கு முன்பே வாடகைக்கு விட்டிருந்தார்கள், அதனால் அவர்களுடைய மூன்று ஆட்டங்களும் இண்டியானாபொலிஸுக்குப் போயின. எதிரணி முதலாளி பௌலிங் அரங்கக்காரர் என்பதை நினைத்தால், கதையாக எழுதியிருந்தால் ஆசிரியர் வெட்டியிருப்பார்.

தொடர் 3-3. ஏழாவது ஆட்டம் 1955 ஏப்ரல் 10, சிரக்யூஸில். பிஸ்டன்ஸ் ஒரு கட்டத்தில் 17 புள்ளி முன்னிலை எடுத்தது. 1950 விதியாக இருந்திருந்தால் 17 புள்ளி என்பது பந்தை இடுக்கிக்கொண்டு நின்றே ஜெயிக்கக்கூடிய இடைவெளி. நிற்கும் கலை தெரிந்த அணியும் அதுதான். இப்போது 24 வினாடிக்கு ஒரு தடவை அவர்கள் ஷாட் அடித்தே ஆக வேண்டியிருந்தது. இடைவெளி கரைந்தது.

91-91. முடிய 12 வினாடி இருக்கும்போது சிரக்யூஸின் ஜார்ஜ் கிங் ஒரு ஃப்ரீ த்ரோ போட்டார். 92-91. பந்து பிஸ்டன்ஸ் கையில், கடைசி ஷாட் அவர்களுடையது. ஆண்டி ஃபிலிப் கையிலிருந்து அதே கிங் பந்தைப் பறித்தார், நேரம் முடிந்தது.

அந்த ஆட்டத்தின் ஸ்கோர்ஷீட்டில் கிங் போட்ட ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு குறி உண்டு. பட்டத்தை வென்று கொடுத்த பறிப்புக்கு இல்லை. அந்தக் கட்டம் வர இன்னும் 18 வருடம் இருந்தது.